ஜோடி சேராத ஐந்து கொக்கிகள்

காலை 6.40. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். புதுச்சேரிக்குப் போகிறேன் என்றாலே ஊரில் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நான் போனது கொக்கி வாங்க. சொன்னால் யாரும் நம்பவில்லை.

பாறை ஏறுகிறவர்கள் இடுப்பு வாரில் ஐந்தாறு கருவிகள் தொங்கவிட்டிருப்பார்கள். பாறை வெடிப்புக்குள் செருகினால் விரிந்து கவ்விக்கொள்ளும். கேம் என்று பெயர். முன்னால் ஏறுகிறவர் அவற்றைச் செருகிக் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். விழுந்தால் அதுதான் தாங்கும். ஒவ்வொரு கேமையும் வாரில் தொங்கவிட வாய் திறந்து மூடும் ஓர் அலுமினியக் கொக்கி உண்டு. காராபினர். என் பழைய காராபினர்கள் ஐந்தும் தேய்ந்துவிட்டன என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அது பாதி உண்மை.

மீதி உண்மை இது. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். கேம்களுக்கு அளவு வாரியாக நிறம். பச்சைக்கு அடுத்த பெரிய அளவு சிவப்பு. அளவை அடுத்தடுத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டு ஏறிவிடுவேன். வரிசை மாறினால் தொலைந்தேன். போன மாதம் செஞ்சிக்கு மேற்கே ஒரு குன்றில் அப்படித்தான் ஆனது. பச்சை என்று எடுத்தது சிவப்பு, வெடிப்புக்குள் நுழையவில்லை. மறுபடி தேடுவதற்குள் கை ஓய்ந்து ஐந்து மீட்டர் விழுந்தேன். கீழே கயிறு பிடித்திருந்தவள் என் மனைவி செல்வி. கயிறு உரசி அவள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

“இனிமே நான் முன்னாடி ஏறுறேன். நீங்க பின்னாடி வாங்க. உங்களுக்குக் கவனமே இல்ல” என்றாள்.

கவனமில்லை என்று பெயர் வாங்கினாலும் வாங்குவேன், கண்ணைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ரயில்வே வேலை அந்தக் கண் பரிசோதனையில்தான் போனது. வீட்டில் உயரம் பத்தவில்லை என்று சொல்லி வைத்தேன். அந்தப் பொய்க்கு இப்போது இருபது வயது. புதுக் கொக்கியானால் நிறம் கொஞ்சம் பளிச்சென்று பிரிந்து தெரியும் என்ற நப்பாசையில்தான் கிளம்பினேன்.

7.05. வளவனூரில் கத்தரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த கேமையும் அதன் கொக்கியையும் கண்டார்.

“மாட்டுக் கயித்துல போடுற கொக்கியா தம்பி?”

“இல்லைங்கம்மா. பாறை ஏறுறதுக்கு.”

“மேல கோயிலு இருக்குதா?”

“ஒண்ணும் இல்லம்மா. ஏறிட்டு எறங்கிடுவோம்.”

அவர் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

8.00. புதுச்சேரி. இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி: அறுபத்தைந்து ரூபாய். லாஸ்பேட்டைக்கு ஆட்டோ இருநூறு என்று ஆரம்பித்து நூற்றைம்பதில் நின்றது. ஓட்டுநர் பையைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பாண்டியில பாறையா? பீச்சுல அல அடிக்காம கொட்டி வச்சிருக்காங்களே, அதான் சார் எங்க மலை. ஏறணும்னா அதுல ஏறுங்க. போலீசு எறக்கி வுட்டுடும்.”

லாஸ்பேட்டையில் தெரு முழுக்க ஸ்கூட்டர்கள், கல்லூரிக்கும் ஆபீசுக்கும் ஒரே ஓட்டம். கொக்கி விற்கிற அந்துவான் வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பத்தொரு வயது, என்னைவிட நான்கு சின்னவர். பிரெஞ்சு ராணுவத்தில் மலைப்படைப் பிரிவில் பதினேழு வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பாறை ஏறுகிறவர்களின் வாட்சாப் குழுவில் “புது காராபினர் செட் விற்பனைக்கு” என்று போட்டிருந்தார்.

“வாங்கண்ணே. முஸ்கெத்தோன் எல்லாம் மாடியில ரெடியா வச்சிட்டேன்” என்றார். காராபினருக்குப் பிரெஞ்சில் அதுதான் பேராம்.

8.50. மொட்டை மாடியில் பாய் விரித்து ஐந்து காராபினர்களைப் பரப்பியிருந்தார். ஒரே அச்சு, ஒரே அளவு, நிறம் மட்டும் வேறு. ஐந்தும் நாலாயிரம் ரூபாய்.

“கேம் எந்தக் கலரோ அதே கலர் முஸ்கெத்தோன். கண்ண மூடிட்டு எடுக்கலாம்ணே” என்றார்.

கண்ணைத் திறந்துகொண்டே எடுக்க முடியாதவனிடம் சொல்கிறார். நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினேன்.

“அந்தப் பச்சைய எடுங்க, வாய் எவ்ளோ நைசா தொறக்குது பாருங்க.”

எடுத்தேன். அந்துவான் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“அண்ணே, அது செவப்பு.”

மறைக்க இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். செல்வியின் கை, ரயில்வே, உயரப் பொய் வரைக்கும். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

அவர் கேலி செய்யவில்லை. ஐந்தையும் மடமடவென்று பைக்குள் போட்டார். நாலாயிரம் ரூபாய் வியாபாரம் போயிற்று. “இந்த செட்டு ஒங்களுக்கு ஆவாது. செத்த இருங்க” என்று கீழே போனார்.

வரும்போது கையில் பழைய பெயிண்ட் டப்பா. கவிழ்த்தார். முப்பது காராபினர்கள் கொட்டின, ஒன்றைப்போல் ஒன்றில்லை.

“ஒவ்வொரு மலையிலயும் ஒண்ணு ரெண்டு மிஞ்சினது. எதுக்கும் ஜோடி கெடையாது. பழைய இரும்புக்காரன்கிட்ட போடுன்னு ஊட்டுல தெனம் சண்ட.”

எனக்கு உள்ளுக்குள் விளக்கு போட்டதுபோல் இருந்தது. நிறம் எதற்கு? விரலுக்குத் தெரிந்தால் போதாதா?

முதலில் கழித்தோம். இவ்வளவு எடை தாங்கும் என்று முதுகில் எண் பொறிக்காதது சாவி மாட்டத்தான் ஆகும். விழும்போது கயிற்றைத் தாங்குவதும் இதே கொக்கிதான் என்பதால் அவை போயின. கயிறு ஓடிப் பள்ளம் விழுந்தவை போயின. பிறகு உப்புக்காற்று. மூன்று வருடக் கடற்கரை வாசத்தில் பல கொக்கிகளின் கீலில் வெள்ளையாகப் பூத்திருந்தது, திறந்தால் தானாக மூடவில்லை. வாய் மூடும் முனையில் கொக்கிப்பல் இருந்தவற்றை நான் கழித்தேன். அது வாரில் சிக்கிக்கொண்டு அவசரத்துக்கு வராது.

பதினோரு காராபினர்கள் தேறின. என் துண்டாலேயே கண்ணைக் கட்டினார். கேம்களை இடுப்பில் மாட்டி வரிசையை வேண்டுமென்றே கலைத்தார். உள்ளங்கை வேர்த்தால் எப்படி என்று கையில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அம்மா, “என்னா அந்துவான், யாரக் கடத்திட்டு வந்திருக்க?” என்று கேட்டது காதில் விழுந்தது.

11.30. ஐந்து முடிவானது. சிறிய அளவுக்கு உடம்பே குட்டியானது. பச்சைக்கு முட்டை வடிவம், வழவழவென்று மூலையே இல்லாதது. சிவப்புக்குக் கம்பியால் வாய் செய்தது. அடுத்ததற்கு வாய் வளைந்தது. பெரியதற்குப் பெரிய பேரிக்காய் வடிவம். இருபது தடவை எடுத்தேன், இருபதும் சரி.

நாலுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். முட்டையை மட்டும் கையிலேயே வைத்திருந்தார்.

“இது நான் பனியில மொத மொத ஏறினப்ப போட்டது. விக்க மனசு வரல.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த முட்டைதான் எனக்கு உயிர்.

“மூணு வருஷம் ஆச்சுண்ணே, பாறையத் தொட்டு. இங்க எங்க பாத்தாலும் மணலுதான். ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிட்டுப் போனீங்கன்னா முட்டைய எடுத்துக்குங்க.”

கையைப் பிடித்துக் குலுக்கினேன். மீன் குழம்பு சாப்பிடாமல் விடவில்லை.

மாலை 5.00. வீடு. பேருந்தில் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துபோய், செல்வியிடம் கண் விஷயத்தை மொட்டையாகச் சொன்னேன். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

“விழுந்தது பெருசில்ல. உங்க கயித்த நான் புடிச்சிட்டு இருக்கேன். எங்கிட்ட மறைச்சிருக்கீங்களே!”

ஐந்து கொக்கிகளையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வெட்கமாக இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நம்ம முகூர்த்தப் புடவ என்னா கலரு?”

“சிவப்பு.”

“பச்சைங்க!” என்று தொடங்கிய சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. பிறகு கொக்கிகளைத் தடவிப் பார்த்து அவளே பெயர் வைத்தாள். குள்ளன், முட்டை, கம்பிவாய், கோணவாய், பெரியவர்.

ஞாயிறு காலை 7.20, அதே குன்று. செல்வி வரிசையைக் கலைத்து என் இடுப்பில் மாட்டிவிட்டு, “நீங்களே முன்னாடி ஏறுங்க” என்றாள். கயிறு அவள் கையில். அந்துவான் பாறையின் அடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுச்சேரியில் எல்லாம் இருக்கிறது. கடல், காபி, நேர்நேராகத் தெருக்கள். எங்கள் பக்கம் இந்தக் கல்தான். விழுந்த இடம் வந்தது. கண்ணை வெடிப்பிலிருந்து எடுக்கவில்லை. கை பின்னால் போயிற்று. கம்பி தட்டியது, விட்டேன். கோணல், விட்டேன். வழவழ. இழுத்தேன், செருகினேன், கவ்வியது. கயிற்றை மாட்டினேன்.

முன்பெல்லாம் கீழேயிருந்து என்ன கலர் என்றுதான் கேட்பாள்.

“உள்ள யாருங்க?” என்று கத்தினாள்.

“முட்டை!”

“சாப்ட்டுட்டு மேல போங்க!”

அந்துவான் “அலே! அலே!” என்று பிரெஞ்சில் ஏறச் சொல்லிக் கைதட்டினார். செல்வி கயிற்றை ஒரு முழம் விட்டுக் கொடுத்தாள். மேலே போனேன்.