கடையில் விற்ற குரல்களைக் காத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை திருமுல்கேரியிலிருந்து விசாலாட்சியின் மகள் போனில் பேசினாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது தெலுங்கு. அம்மா இனி இல்லை என்பதையும் தெலுங்கில்தான் சொன்னாள்.

ஒலி ஆவணக் காப்பகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் விசாலாட்சியும் நானும் எதிரெதிர் மேசை. நம்மில் பலருக்கு அவர் முகம் கேசட் அலமாரிகளோடு சேர்ந்துதான் நினைவுக்கு வரும். அந்த அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னவன் நான் என்பது சிலருக்கே தெரியும்.

அப்போது இடம் போதவில்லை. ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. கம்பெனிகள் வெளியிட்ட கேசட்டுகளோ ஆயிரக்கணக்கில் விற்றவை. மூலப்பதிவு அவர்களிடமே இருக்கும். அவற்றைக் கழித்துவிடலாம் என்று குறிப்பு எழுதினேன். விசாலாட்சி அதைப் படித்தார்.

"நக்கோ ரகு, வேண்டாம். இன்னொருத்தர் வச்சிருப்பார்னு நினைச்சே ஆயிரம் பேரும் தூக்கிப் போட்டிருப்பாங்க."

அதோடு விடவில்லை. உருதுவின் தென்னாட்டு வழக்கான தக்கனியில் நகைச்சுவை நாடகங்களை வெளியிட்ட பழைய கம்பெனி ஒன்றைத் தேடிப்பிடித்து, என் எதிரிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டார். கூரை ஒழுகி மூல நாடாக்கள் என்றைக்கோ வீணாகிவிட்டன என்றார் முதலாளியின் மகன். கொஞ்சம் தயங்கி, "உங்களிடம் ஒரு பிரதி இருக்குமா?" என்று உருதுவில் கேட்டார். விசாலாட்சி என்னைப் பார்த்துக்கொண்டே, "ஹவ்" என்று ஆமோதித்தார். என் குறிப்பை நானே கிழித்தேன்.

அடுத்த மாதம் குகட்பள்ளியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அந்த நாடகங்களில் ஒன்றில் மறைந்த தன் கணவர் பால்காரராக நடித்ததாகவும், அவர் குரல் வேறெங்கும் இல்லை என்றும் சொன்னார். கேசட்டைப் போட்டோம். பால்காரர் வருவது ஒன்றரை நிமிடம்தான். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "வீட்டிலும் இப்படித்தான் கத்துவார்" என்று மறுபடியும் போடச் சொன்னார்.

அவர் போன பிறகு விசாலாட்சி சொன்னார்: "ஆராய்ச்சிக்காரங்க அவங்க தேடிப் போனதைத்தான் பதிவு பண்ணுவாங்க. ஜனங்க ஆசைப்பட்டு வாங்கிக் கேட்டது என்னன்னு கடைச் சரக்குதான் சொல்லும்."

கோபக்காரர். ஒரு கேசட்டின் விளம்பரம் அச்சிட்ட அட்டையை நான் குப்பையில் போட்டதற்காக இரண்டு நாள் பேசவில்லை.

எங்கள் பட்டியல் அட்டையின் அடியில் 'கேட்டவர்' என்று ஒரு கட்டம் உண்டு. நாங்கள் லேபிளைப் பார்த்து விவரம் எழுதிவிட்டு அதைக் காலியாக விடுவோம். அவர் கேசட்டின் இரண்டு பக்கமும் கேட்ட பிறகே கையெழுத்திடுவார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பழக்கம். நேற்று, அவர் மேசையில் மிச்சமிருந்த கேசட்டுகளில் ஒன்றைக் கடைசிவரை கேட்டேன். அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.