தூள் பார்சலும் இரண்டாம் இலக்க ஜேர்சியும்

எங்கள் கால்பந்துக் கழகம் கொட்டாஞ்சேனையில், வீடு வெள்ளவத்தையில். இரண்டுக்கும் இடையில் கொழும்பு முழுவதும் கிடந்தது, கொழும்பு முழுவதும் சோதனைச் சாவடி. அந்த யுத்த காலத்துப் பருவத்தில் நான் பந்துக்குப் பின்னால் ஓடியதைவிட அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றதுதான் அதிகம். பூட்ஸ் பையைத் திறந்து காட்ட வேண்டும். காலில் கட்டும் காப்பு மட்டைகளை ஒவ்வொரு சிப்பாயும் வெளியில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "மே மொனவத?" என்று கேட்பான். இது என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்ல? கால்பந்து என்றேன். சிரித்தார்கள். கிரிக்கெட் மட்டைக்குக் கோயில் கட்டாத குறையாக இருந்த நாட்டில் கால்பந்து விளையாடுகிறவனே ஒரு மாதிரியான ஆள்தான். அவன் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் ரைட் பாக். வலப்பக்கத்தால் எதிரணியின் விங்கர் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நன்றாக விளையாடினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, அந்தக் காலத்தில் வேறு யாரும் சொல்லவுமில்லை.

லீக் ஆட்டங்கள் தொடங்கியபோது நாங்கள்தான் முன்னுக்கு நின்றோம். பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது, இரண்டு கிழமைக்கு ஆட்டமில்லை. திரும்பத் தொடங்கியபோது மைதானத்தில் இராணுவ லொறிகள் நின்றன. லொறிகள் போனபின் மழை. கடைசி ஆட்டங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தள்ளினார்கள், அரைவாசிப் பேருக்குக் கால் பிடித்துக்கொண்டது. மூன்றாம் இடம். சாண் ஏற முழம் சறுக்கியது என்று சொல்லலாம், ஆனால் நாங்கள் சறுக்கவில்லை, ஏணியைத்தான் யாரோ இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சரி, கிண்ணமாவது இருக்கிறதே என்று பார்த்தோம். அரையிறுதி அன்று விடியற்காலையில் பொலிஸும் இராணுவமும் தெருமுனையை மறித்து எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். என்னையும் இன்னும் பல பேரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பொலிஸ் நிலையத்தின் பின்பக்கம் உட்கார வைத்தார்கள். அம்மா இடியப்பப் பார்சலோடு வாசலில் வெயிலுக்குள் நின்றார். கேள்வி ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. மாலையில் விட்டார்கள். மைதானத்தில் அந்த நேரம் எங்கள் அணி இரண்டு கோல்களால் தோற்று முடிந்திருந்தது, இரண்டும் வலப்பக்கத்தால் வந்தவை.

அன்று என் இடத்தில் விளையாடியவன் கொட்டாஞ்சேனைக்காரன், என் கூட்டாளி. வீட்டில் சிங்களமும் தமிழும் சரிபாதி கதைக்கும் கத்தோலிக்கக் குடும்பம். நல்லவன். வாட்டசாட்டமான ஆள். விங்கர் உள்ளே வெட்டினால் மட்டும் இவன் வெளியில் ஓடிக்கொண்டிருப்பான். "மச்சான், நீ இல்லாம எனக்கு ஒன்னும் வெளங்கல்ல" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பந்து எங்கையும் அடிக்கலாம். நீ உயிரோட இருக்க வேணும். இந்த நாட்டில இனி என்ன கிடக்கு?"

வாசலில் நின்று அவர் முகம் கருகிப் போயிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, தேசிய அணியின் பயிற்சிக் குழாத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என் கூட்டாளியையும், மாற்று ஆளாக. ஆசியத் தகுதிச் சுற்று வரப்போகிறது, அதற்கு முன் ஜெர்மனியில் சில நட்பு ஆட்டங்கள். எல்லோருக்கும் விசா குத்தியாயிற்று. ஜேர்சிக்கு அளவெடுத்தார்கள். இரண்டாம் இலக்கம் எனக்கு. வாழ்க்கையில் அதற்கு முன் எந்த அளவெடுப்புக்கும் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அந்த ஜேர்சியோடு வெளியில் ஒரு முறை விளையாடிவிட்டு, திரும்பி வந்து, சொந்த மண்ணில் தகுதிச் சுற்றில் விளையாட வேண்டும்.

வெள்ளவத்தைக்கு இது விளங்கவே இல்லை. 'பெடியனுக்கு வழி கிடைச்சிட்டுது' என்பதுதான் ஒழுங்கை முழுவதும் பேச்சு. ஏஜென்சிக்காரனுக்கு லட்சக்கணக்கில் கொட்டி, பனியிலும் காட்டிலும் நடந்து ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்கள். அரசாங்கமே விமானத்தில் ஏற்றி அனுப்புகிறது என்றால், அது தெய்வச் செயல் இல்லாமல் வேறென்ன? அம்மா பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்தார். ஜெர்மனியில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, கீழ்வீட்டு டெலிபோனில் எடுத்து, கடைசி ஆட்டம் முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு போக மைதான வாசலில் காரோடு நிற்பதாக ஒழுங்கு செய்துவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

"நான் திரும்பி வருவன்" என்றேன்.

"ஓம், ஓம், அப்பிடித்தான் சொல்ல வேணும்" என்று அம்மா கண்ணைச் சிமிட்டினார்.

யாரிடம் சொன்னாலும் இதே கண்சிமிட்டல். மறுக்க மறுக்க என் கெட்டித்தனத்துக்குத்தான் புகழ் கூடியது. 'வாய் விடமாட்டான், விண்ணன்' என்றார்கள். பிறகு பார்சல்கள் வரத் தொடங்கின. எங்கள் ஆட்களில் ஒருவன் விமானம் ஏறுகிறான் என்றால், அவன் சம்சாரியோ சன்னியாசியோ, அவன் பெட்டியில் பாதி ஊருக்குச் சொந்தம். வறுத்து இடித்த கறித்தூள், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், ஊறுகாய்ப் போத்தல். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரும் ஒரு ஜெர்மன் நகரத்தின் பெயரும். பூட்ஸ் வைக்க இடமில்லை என்றேன். "அங்க போய்ப் புதுசு வாங்கலாம்" என்றார் அம்மா.

கடைசிப் பயிற்சி நாள். மாலையில் மனேஜர் பதினெட்டுப் பேரின் பெயரை வாசிக்கப் போகிறார். நான் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. அதிலிருந்து எங்கள் மேல்மாடி அன்ரி இறங்கினார், கையில் ஒரு தூள் பார்சல். காலையில் வீட்டில் என்னைப் பிடிக்க முடியாமல் போனதால் தேடி வந்துவிட்டார். நான் தூரத்தில் இருந்ததால், வெள்ளைத் தொப்பியோடு வரம்போரம் நின்ற மனேஜரிடமே நேராகப் போனார். ஐயோ என்று ஓடினேன். தொண்ணூறு நிமிடமும் ஓடக்கூடிய கால் அன்றைக்குத்தான் பிந்தியது.

அன்ரி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. அவருடைய ஆங்கிலம் அரைகுறையாக இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். மணிமணியாகச் சொன்னார்: ஜெர்மனியில் இருக்கும் தன் மகனிடம் இந்தப் பார்சலைத் தம்பி கொடுத்துவிடுவாராம். ஆனால் மகனுடைய கலியாண வீடியோக் கசற் ஒன்று அங்கிருந்து வரவேண்டுமாம். தம்பிதான் திரும்பி வரப்போவதில்லையே, நீங்கள் வருவீர்கள்தானே, தயவுசெய்து நீங்கள் அதை வாங்கிக்கொண்டு வரமுடியுமா?

மனேஜர் மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றி, "முயற்சி செய்கிறேன், மெடம்" என்றார். அன்ரி என்னைப் பார்த்து, "எவ்வளவு நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு அதே த்ரீவீலரில் போய்விட்டார். பார்சல் என் கையில். தூள் வாசம் மைதானம் முழுக்க அடித்தது.

பெயர் வாசித்தபோது ரைட் பாக் என் கூட்டாளி. இரண்டாம் இலக்க ஜேர்சியும் அவனுக்கு. நான் மனேஜரிடம் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களம், ஆங்கிலம் எல்லாவற்றிலும் சொன்னேன், நான் திரும்பி வருவேன் என்று. "தெரியும், மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை சொன்னார் அவர். எங்கள் ஒழுங்கைக்காரர் கண்ணைச் சிமிட்டினார்கள், இவர் சிமிட்டவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்குப் போய்ப் பூட்ஸ் பையை எறிந்தேன். அம்மா அழுதார். நான் விளையாட முடியாமல் போனதற்கல்ல, நான் கொழும்பில் நிற்கப் போகிறேன் என்பதற்கு. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கடற்கரைப் பக்கம் தண்டவாளம் வழியே நடந்து, அங்கேயும் ஒருவன் அடையாள அட்டை கேட்க, திரும்பி வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா முகம் கழுவிவிட்டுப் பார்சல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "உன்ர கூட்டாளித் தம்பி போறார் தானே? அவரிட்டக் குடுத்துவிடு. சனத்தின்ர சாமான், கெட்டுப்போகும்."

வெட்கத்தைப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூட்டாளி என் முகத்தைப் பார்க்கக் கூசினான். "தா மச்சான், நான் கொண்டு போறேன். யார்ட்ட குடுக்கிறது?" கடைசி ஆட்டம் முடிய மாமா வாசலில் காரோடு நிற்பார், எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தால் போதும் என்றேன்.

அணி போனது. எல்லா ஆட்டத்திலும் தோற்றது. கடைசி ஆட்டத்துக்கு அடுத்த நாள் கீழ்வீட்டில் இருந்து கூப்பிட்டார்கள், ஜெர்மனியில் இருந்து மாமா.

"தம்பி, நீ அனுப்பின ஆள் பத்திரமா வந்து சேந்திட்டார். தூளும் வந்தது. நல்ல வாசம்."

"நான் ஆளை அனுப்பேல்லை மாமா. தூளைத்தான் அனுப்பினனான்."

"நான் காரோட நிண்டனான். பார்சல்களோட வந்து ஏறினான். இறங்கு எண்டு சொல்லுறதே?"

பக்கத்தில் நின்ற அம்மாவிடம், கூட்டாளி அங்கேயே நின்றுவிட்டான் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தியே. அவனுக்கு இருந்த புத்தி" என்றார்.

திரும்பி வந்த மனேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கார் யாருடையது என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். ஓடிப்போகாதவன் நான், ஓடவைத்தவன் என்ற பெயரும் எனக்கே வந்தது. குழாத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். தகுதிச் சுற்றுக்கு நாட்டில் ரைட் பாக் இல்லை. நடுக்களத்தில் விளையாடும் ஒருவனை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். நான் டிக்கெட் எடுத்துப் படிக்கட்டில் இருந்து பார்த்தேன். எதிரணிக்காரர் திறந்த கதவால் வருகிற மாதிரி வலப்பக்கத்தால் வந்துகொண்டே இருந்தார்கள். என் கால்கள் இருந்த இடத்திலேயே உதைத்தன. முன்னால் இருந்தவர் திரும்பி, முதுகில் உதைக்க வேண்டாம் என்று ஏசினார்.

சில மாதம் கழித்து ஜெர்மனியில் இருந்து வந்த ஒருவர் எங்களுக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். போன பார்சலுக்குப் பதில் பார்சல் வருவது எங்கள் வழக்கம். சொக்லேட், சவர்க்காரம், கோப்பித்தூள். எல்லாவற்றுக்கும் அடியில், மடித்தபடி, அந்த ஜேர்சி. கூட்டாளி கடிதம் ஒன்றும் வைக்கவில்லை.

எனக்கு எடுத்த அளவு. அவனுக்கு இறுக்கமாக இருந்திருக்கும், கமக்கட்டில் தையல் விட்டிருந்தது. அம்மா ஊசி எடுத்து அதைத் தைத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றேன். நெஞ்சில் நாட்டின் பெயர், முதுகில் இரண்டு. தோளில் ஒரு சுருக்கமில்லாமல் பொருந்தியது.

"வடிவா இருக்கு" என்றார் அம்மா. மிஞ்சிய தையல் நூலைப் பிய்த்தெடுத்தார். பிறகு, "இதோட றோட்டில இறங்கிப்போடாத. செக்பொயின்டில எங்க எடுத்தனி எண்டு கேப்பாங்கள்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கேட்டால் சொல்ல என்னிடம் உண்மை இருந்தது, ஆனால் அதை அதுவரை ஒருவரும் நம்பவில்லை, பெற்ற தாய் உட்பட. கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தேன்.