கானாற்றின் முதல் குடம்

எங்கள் கானாற்றுக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, வேலிக்காத்தான் புதர்களுக்கிடையே நெளிந்து, பாலாற்றில் போய் விழும் ஒரு மணல் கோடு, அவ்வளவுதான். வழியில் வீடுகளே அபூர்வம். கடைசித் திருப்பத்தில் நாலைந்து வீடுகள். அதில் ஒன்று என் நண்பனுடையது. புவியியல் படித்த வேகத்தில் அந்தக் கோட்டை நானே கைப்பேசியில் வரைந்துகொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் மலையில் நல்ல மழை. "தண்ணி எறங்கினா ஓடியாந்து சொல்லுங்கடா" என்று நண்பனின் அம்மா சொல்லி வைத்திருந்தார். புதுத்தண்ணீருக்கு மஞ்சள் தூவி, கற்பூரம் காட்டி, முதல் குடத்தைக் கிணற்றில் ஊற்றினால் ஊற்றுக் கண் திறக்கும் என்பது அங்கே வழக்கம். அவர் கிணற்றில் அடிச்சேறுதான் மிச்சம்.

நானும் நண்பனும் மலையடியில் தண்ணீரின் தலையைப் பிடித்துவிட்டோம். சருகைத் தள்ளிக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்தில் வந்தது. அள்ளிக் குடித்தேன். அப்படியொரு ருசி! உடனே பைக்கை முறுக்கித் தார்ச்சாலையில் பறந்தோம்.

"எம்மா, வந்துகினு கீது! சுத்தமான தண்ணி!" என்று வாசலிலிருந்தே கத்தினான் நண்பன்.

சாலை ஆற்றின் ஒரு வளைவைச் சுற்றாமல் நேரே போய்விடுகிறது. அந்த வளைவில்தான் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் வாய்க்கால் சேர்கிறது. மழை நாளில் யார் கேட்பது என்று கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் முதலில் வந்தது முழங்கால் உயர நுரை. வெள்ளம் பொங்கி வருகிறது என்றே நினைத்து, அம்மா மஞ்சளைத் தூவிக் குடத்தை அமிழ்த்தினார். அப்புறம்தான் நாற்றம் எட்டியது. சுண்ணாம்பும் அழுகின கொழுப்பும். குடத்தின் வாயில் மாட்டு மயிர் ஒட்டியிருந்தது.

"இன்னாடா இது? உன் சட்டைய அலசின தண்ணியாட்டம் கீது."

நண்பன் வேறொரு ஷாப்பில் தோல் ஊறவைக்கிறவன். "எங்க ஷாப்பு இல்லம்மா, இது வேற."

"நாத்தத்துல இன்னாடா உன்து, அவன்து?"

"ஊத்திடும்மா."

"எங்கடா ஊத்த?" கிணற்றைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார். கடைசியில் ஆற்றிலேயே கவிழ்த்துவிட்டு, விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரில் கை கழுவினார். சோப்பு கரைந்ததுதான் மிச்சம். முகர்ந்து பார்த்துக் காறித் துப்பினார்.

காற்று எழும்பியது. நுரை துண்டு துண்டாகப் பிய்ந்து வேலி தாண்டிப் பறந்தது.

"பராக்குப் பாக்காதீங்கடா! மொதல்ல கெணத்த மூடுங்க!"

ஆட்டுக் கொட்டகையின் தகரத்தைப் பிடுங்கி, நாங்கள் இருவரும் கிணற்றின் மேல் இழுத்துப் போட்டோம்.