கிழக்கை மேலே வைத்து வரைந்தேன்

எனக்கு எண்பத்தோரு வயது ஆகிறது. வளர்த்து ஆளாக்கியது நான்கு பேரை. நான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள். யாரிடமும் போய் நிற்கும்படி என்னை வைக்கவில்லை. ஆனால் பெற்றது ஐந்து. முதலில் பிறந்தவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம்தான். எழுத்துக் கூட்டித்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

அவள் அழாமலே பிறந்தாள். அப்போது நாங்கள் பொங்கோலில் இருந்தோம். ஒரு சீன முதலாளியின் நிலத்தை வாடகைக்கு எடுத்து, பலகை வீடு கட்டி, பால்மாடு வைத்திருந்தோம். குழந்தையைத் துணியில் சுற்றி என் கணவர்தான் தூக்கிக்கொண்டு போனார். நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு, "கெணத்துக்கு அந்தாண்ட, வேலி மூலைல, ரம்புத்தான் மரத்தடில" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசற்படியில் நின்றால் எதிரே வலது கைப்பக்கம் அந்த மூலை தெரியும். காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். பால் கறக்கப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். அது போதுமாக இருந்தது.

பிறகு அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. மாடுகளை விற்றோம். ஈசூனில் வீடு கிடைத்தது. போக வர பஸ் இல்லாத காடாகப் பொங்கோல் கிடந்தவரை, அவள் அங்கே படுத்திருக்கிறாள் என்று மனம் சும்மா இருந்தது. அப்புறம் அங்கே அடுக்குமாடிப் புளோக்குகள் எழும்ப ஆரம்பித்தன. அதற்குள் என் கணவரும் போய்விட்டார். என் சின்ன மகளுக்கே பொங்கோலில் வீடு வந்தது. புதுவீட்டுக்குப் பால் காய்ச்சப் போனபோது பத்தாவது மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்த்தேன். மரம் இல்லை, கிணறு இல்லை, ஒரு அடையாளமும் இல்லை. எல்லாரும் ஜன்னல் திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளை எங்கே?

நான் இருப்பது ஈசூனில், பெரிய மகள் வீட்டில். அவள் கணவர் கட்டடக் கம்பெனியில் பிளான் வரைபவர். எங்கள் வீட்டு வழக்கப்படி மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் ஹாலில் இருந்தால் நான் சமையலறை நிலைக்கு இந்தப் பக்கம். எதுவானாலும் மகள் வழியாகத்தான். இத்தனை வருடமும் அப்படியே ஓட்டிவிட்டோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விஷயத்தை மகளிடம் சொன்னேன். அவளுக்கே அன்றுதான் தெரியும், தனக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள் என்று. அழுதாள். பிறகு கணவரிடம் போய்ச் சொன்னாள். மாப்பிள்ளை எங்கெங்கோ கேட்டு, அந்தக் காலத்தில் நிலத்தை அளந்து போட்ட படத்தின் நகல் ஒன்றை வாங்கி வந்தார். வெறும் நான்கு கோடு. ஏறக்குறையச் சதுரம்.

"அம்மா, இது எல்லைதானாம். உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு இதுல இல்லயாம். நீங்க வரைஞ்சு குடுத்தா, இப்ப உள்ள பிளான் மேல வச்சுப் பாக்கலாங்குறாரு."

"எனக்கு எங்க வரையத் தெரியும்?"

"கோலம் போடுறீங்கள்ல. வானத்துல பறக்குற காக்கா கீழ பாத்தா எப்படித் தெரியுமோ, அப்படிப் போடணுமாம். அவ்வளவுதான்."

அப்படிச் சொன்னால் எனக்குப் புரியும். தேக்கா நகைக்கடையில் கொடுத்த பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, புள்ளி வைத்தேன். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே என் நடையில் பத்து எட்டு. வீடு, தொழுவம், வைக்கோல் போர், கிணறு, ரம்புத்தான் மரம், வேலி. தண்ணீர் தூக்கித் தூக்கி நடந்த கால். எத்தனை எட்டு என்று மறக்குமா? வாசற்படியில் உட்கார்ந்து எதிரே பார்ப்பதுபோலவே வரைந்தேன். வீடு தாளின் அடியில். எதிரே தெரிவதெல்லாம் மேலே. மேல் மூலையில், வலது கைப்பக்கம், அவள்.

மாப்பிள்ளை ஹாலில் இருந்து கேட்பார். நான் சமையலறையில் இருந்து சொல்வேன். இரண்டு பேருக்கும் நடுவே மகள்.

"கெணறு எந்தப் புள்ளின்னு கேக்குறாரு."

"மூணாவது வரிசைன்னு சொல்லு."

"மூணாவது வரிசையாம். ஐயோ, காதுல விழுந்துருக்கும்லா! ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா? சம்பளமாவது குடுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்று நல்ல நாளாகத்தான் இருந்தது.

அவர் வரைந்த படத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு இருந்தது, தலையில் ஓர் எழுத்தோடு. அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன். நாம் கோலத்தின் ஓரத்தில் ஒரு பூ போடுவதில்லையா, அப்படி.

என் தாளிலிருந்ததைத் தன் படத்தில் ஏற்றி, அதை இன்றைய பிளான்மேல் வைத்துப் பார்த்ததில் அந்த மூலை ஒரு சிறிய பூங்காவுக்குள் விழுந்தது. கட்டடம் எதுவும் ஏறி உட்காராத இடம். நிழலாக ஒரு மரம் வேறு. "பாத்தீங்களாம்மா, அவளுக்கு மரம்கூட இருக்கு" என்றாள் மகள். தை மாதத்தில் அவள் பிறந்த நாளன்று போனோம். மகள் வேலை முடிந்து வந்த பிறகு, விளக்கெரியும் நேரம். கொஞ்சம் பால் ஊற்றினேன். மல்லிகை வைத்தேன். அடுத்த தையிலும் போனோம். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். பல வருடமாக அப்படித் தூங்கியதில்லை.

அதற்கடுத்த தையில் மகளுக்குக் காய்ச்சல். நான் தனியாகவே போகிறேன் என்று விடியற்காலையில் ரயில் ஏறினேன். மாப்பிள்ளையின் படத்தை மடித்துப் பையில் வைத்திருந்தேன். மரத்தடியில் பாலை ஊற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து படத்தைப் பிரித்தேன். அதன்படி வீடு என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வாசல் எதிரே இருக்கிற ரயில் பாலத்தைப் பார்க்க வேண்டும். பாலத்துக்கு மேலே சூரியன் வரட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தேன்.

சூரியன் என் வலது கைப்பக்கம் இருந்த இரண்டு புளோக்குகளுக்கு நடுவே ஏறியது.

முதலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். எழுந்து நின்றேன், திரும்ப உட்கார்ந்தேன். சூரியன் அங்கேயேதான் இருந்தது. எங்கள் வாசல் கிழக்கு பார்த்த வாசல். கோலத்தில் கடைசி இழை இழுக்கும்போது கண் கூசும். அப்படியானால் இந்தத் தாளில் எங்கள் வீடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் உள்ளே மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நிலைக்கு இந்தப் பக்கம் சற்று நேரம் நின்றேன். பிறகு தாண்டி ஹாலுக்குள் போனேன்.

"மாப்பிள்ளை, எங்க வாசல் கெழக்கு பாத்த வாசல்."

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து என் காலண்டர் தாளை எடுத்தார்.

"இதுல மேல இருக்குறது கெழக்கா அத்தை?"

"ஆமா. சூரியன் மேலதான வரும்?"

நான் கொண்டுபோயிருந்த தன் படத்தை அதன் பக்கத்தில் விரித்தார். அம்பைக் காட்டி, "இது வடக்கு அத்தை. பிளான்ல எப்பவும் வடக்கத்தான் மேல வப்போம். நீங்களும் அப்படித்தான் போட்டுருப்பீங்கன்னு…" என்று நிறுத்தினார். பிறகு சொன்னார்: "கேக்கலாம்னு ஒரு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. அத்தைக்குத் தெரியாதான்னு கேட்ட மாதிரி ஆயிடுமோன்னு விட்டுட்டேன்."

"நானும் அந்த அம்பு என்னன்னு கேக்கலயே."

கோலத்துக்கு நான்கு பக்கமும் ஒன்றுதான். எங்கே நின்று பார்த்தாலும் கோலம் கோலமாகவே இருக்கும். நிலம் அப்படி இல்லை. அது எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். நிலம் நீள்சதுரமாக இருந்திருந்தாலாவது பொருந்தாமல் போய்க் காட்டிக் கொடுத்திருக்கும். எங்கள் நிலம் சதுரம். எப்படித் திருப்பினாலும் உட்கார்ந்துகொண்டது.

மாப்பிள்ளை என் தாளைக் கால்சுற்று திருப்பி, இன்றைய பிளான்மேல் வைத்தார். மூலை பூங்காவை விட்டு நகர்ந்து கீழே போனது. அங்கே அகலமாக நீல நிறம். அவர் கை அதற்குமேல் நகரவில்லை. நீலம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கோலில் புதிதாக ஓர் ஆறு வெட்டினார்களே, அது.

"தோண்டுன மண்ண எங்க கொண்டுபோயி கொட்டியிருப்பாங்க, மாப்பிள்ளை?"

"தெரியல அத்தை."

"கடல்லயா?"

"தெரியல அத்தை. கேட்டாலும் சொல்ல ஆள் இருக்காது."

அவர் பொய் சொல்லவில்லை. பூங்காதான் அவள் இடம் என்றே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றி என்ன? சூரியனைப் பார்த்த பிறகு தாளை நம்ப முடியாது.

இப்போது தையில் அந்த ஆற்றின் பாலத்தில் போய் நிற்கிறேன். தண்ணீரில் எதையும் போடக் கூடாதென்பதால் பாலும் இல்லை, பூவும் இல்லை. சைக்கிளில் பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள். ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

படத்தை நானே மறுபடி வரைந்தேன், மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்க. முதலில் அம்பு. பிறகு எல்லை, வீடு, தொழுவம், கிணறு, மரம். அவள் இருந்த இடத்துக்கு ஒரு புள்ளி. சிக்குக் கோலத்தில் எந்தப் புள்ளியையும் இழை சுற்றாமல் தனியாக விடக் கூடாது. அதனால் அந்தப் புள்ளியையும் சுற்றி ஓர் இழை இழுத்துவிட்டேன். பிளானில் அப்படிப் போடும் வழக்கம் இல்லையாம். இருந்தாலும் அவர் அழிக்கச் சொல்லவில்லை.

புள்ளி யார் என்று படம் சொல்லாது. அதற்காகத்தான் இதை எழுதினேன். இரண்டையும் ஒன்றாகவே மடித்து வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று காதால் கேட்க வேண்டும். பெரிய மகளின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். தமிழை மெதுவாகத்தான் படிப்பாள், என்னைப் போல.

இங்க வா கண்ணு. இதப் பாட்டிக்குப் படிச்சுக் காட்டு, மொத வரியிலேருந்து. எங்கயாவது புரியலைன்னா அங்கயே நிறுத்திக் கேளு. பாட்டி என்ன நெனச்சுக்குவாளோன்னு பேசாம போயிடாத.