முட்டை சுமந்த சிலந்தி நண்டு

பெப்ரவரி 11, புதன். காலையில் என் மனைவி ஆஸ்பத்திரியில் காலமானார். பிற்பகலில் உடல் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்பின் வீடு கழுவப்பட்டது. வீட்டில் இருந்த தண்ணீர் முழுவதும் வழக்கப்படி வெளியே ஊற்றப்பட்டது. பின்விறாந்தையில் இருந்த கண்ணாடித் தொட்டியும் வெறுமையாக்கப்பட்டது.

அத்தொட்டியில் ஒரு சிலந்தி நண்டு இருந்தது. முகத்துவாரத்தில் இழுத்த வலையில் பாசியோடு வந்தது. பெருவிரல் நகமளவு உடல், நூல் போன்ற கால்கள். விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் அதை ஆய்வுப் பொருளாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் ஓட்டில் கொக்கி போன்ற மயிர்கள் உண்டு. பாசியையும் கடற்பஞ்சையும் கிள்ளி, வாயில் மென்று, அக்கொக்கிகளில் மாட்டிக்கொள்ளும். அசையாதிருந்தால் பாசியிலிருந்து பிரித்தறிய முடியாது. நான் தேடிக்கொண்டிருப்பேன், மனைவி தேநீரோடு வந்து உடனே காட்டிவிடுவார்.

"இந்தா, கல்லுக்குப் பக்கத்தில இருக்கிறா. உங்கட கண்ணாடிய மாத்துங்க."

முதிர்ச்சியைத் தரும் தோலுரிப்பே இவ்வினத்துக்குக் கடைசித் தோலுரிப்பு. அதற்குப் பின் வளர்ச்சி இல்லை. இழந்த கால் முளைப்பதும் இல்லை. பெண் நண்டு எஞ்சிய காலத்தில் முட்டைகளை வயிற்று மடிப்பில் சுமக்கும். செம்மஞ்சளான அம்முட்டைகள் பொரிக்கும் தறுவாயில் கறுக்கும். நேற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மனைவி அதைத்தான் கேட்டார்.

"முட்டை கறுத்திட்டுதா?"

"முந்தநாள் பாத்தன். இன்னும் இல்ல."

"கறுத்தா முகத்துவாரத்தில கொண்டுபோய் விடுங்க. தொட்டிக்குள்ள குஞ்சு தப்பாது."

ஓம் என்றேன்.

சுடலையிலிருந்து திரும்பியபோது மனைவியின் தங்கை வாளிகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்தப் பாசித் தொட்டியையும் வாழையடியில ஊத்திட்டன். செத்த வீட்டுத் தண்ணி வைக்கப்படாதே."

"உள்ளுக்க என்ன இருந்திச்சு?"

"என்ன, பாசியும் தும்பும்தான். படிச்ச மனிசன்ட வீட்டில தொட்டி கிடந்த கிடை. அக்காவுக்கும் சொல்லி அலுத்துப்போனன்." அக்கா என்ற சொல்லில் குரல் உடைந்தது.

வீடு கழுவிய கிணற்று நீரும் வாழையடியில்தான் தேங்கியிருந்தது. குந்தியிருந்து பாசியைக் கையால் விலக்கினேன்.

"என்ன மச்சான் தேடுறீங்க?"

"ஒண்டுமில்ல மச்சி. நீங்க போய்ப் படுங்க."

நண்டு கால்களை மடித்துக் கிடந்தது. உப்புநீரில் இட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பின் உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். முட்டைகள் கறுத்திருந்தன. ஒவ்வொன்றினுள்ளும் இரண்டு கண்புள்ளிகள் தெரிந்தன.

இன்னும் செய்யாதவை:

நண்டு கெடாதிருக்க அதை மதுசாரத்தில் இடுதல்.

ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து அவருடைய சீப்பையும் சேலையையும் எடுத்துவைத்தல்.

தொட்டியில் என்ன இருந்தது என்று மச்சினிக்குச் சொல்வதா என முடிவுசெய்தல்.

முகத்துவாரத்துக்குப் போதல்.