தார்ப்பாய் தைத்த அற்புதமணி

நாசரேத்தில் மிஷன் தையல் பள்ளியில் படித்த அற்புதமணி, லாரி ஓட்டும் தனராஜைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தாள். கல்யாணமாகி நாலாம் வருஷம், உப்பு மூட்டைகளின்மேல் ஏறிக் கயிறு கட்டும்போது தனராஜ் வழுக்கி விழுந்தான். இடுப்பு முறிந்தது. தேறி நடந்தான், ஆனால் லாரி ஓட்ட முடியவில்லை. அதன்பின் கிழிந்த லாரித் தார்ப்பாய்களை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்துத்தான் அவள் குடும்பத்தை நடத்தினாள்.

புதுத் துறைமுகம் திறந்ததும் லாரிகள் பெருகின. புதுத் தார்ப்பாய் வேண்டுமென்றால் முதலாளிகள் மதுரைக்கு ஆள் அனுப்பினார்கள். தடித்த கான்வாஸ் தைக்கும் மோட்டார் மிஷின் ஒன்றிருந்தால் அந்த வேலை வெளியூருக்குப் போகாமல் உள்ளூரிலேயே தங்கும் என்று அவளுக்குப் பட்டது. சிறுதொழிலுக்கு அரசாங்கம் கடன் தருவதாகக் கேள்விப்பட்டு ஆபீசுக்குப் போனாள்.

அதிகாரி ஆவுடையப்பன் மரியாதையாகத்தான் பேசினார். “பொம்பளைகளுக்குச் சாதா தையல் மிஷின் உண்டும்மா. ஜாக்கெட், பாவாடை தைக்கலாம். உடனே எழுதித் தாரேன்.”

“அது எங்கிட்ட இருக்கு சார். எனக்கு வேண்டியது தார்ப்பாய் மிஷின்.”

“அதுக்கு ஜாமீன் வேணும். வேல குடுக்கதுக்கு ஒரு முதலாளியும் வேணும். இருக்காவளா?”

“கூட்டிட்டு வாரேன் சார்.”

யாரைக் கூட்டிவருவது என்று வாசலுக்கு வந்த பிறகுதான் யோசித்தாள்.

தனராஜின் பழைய முதலாளி செல்லப்பாண்டியிடம் போனாள். அவர் தயங்கினார். “மழைத்தண்ணி எறங்கி உப்பு கரைஞ்சு போச்சுன்னா யாரும்மா பதில் சொல்லுவா?”

“நான் சொல்லுதேன் அண்ணாச்சி. ஒரு லாரிக்குத் துணி தாங்க. கையாலயே தச்சுத் தாரேன். ஒழுகுச்சுன்னா கூலி வேண்டாம்.”

தனராஜ் நூலுக்கு மெழுகு தடவிக் கொடுக்க, உள்ளங்கை கொப்புளிக்கத் தைத்தாள். ஐப்பசி அடைமழையில் லாரி போய்த் திரும்பியது. ஒரு மூலையில் கசிந்திருந்தது. ஒரு மூட்டை நனைந்துவிட்டது. அற்புதமணி அழவில்லை. தார்ப்பாயை விரித்துப் போட்டு, அந்த மூலையைப் பிரித்து, இரட்டை மடிப்பு வைத்துத் தைத்தாள். அடுத்த நடையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. முதல் நடைக்கு அவள் கூலி வாங்க மறுத்ததைப் பார்த்துத்தான் செல்லப்பாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு, “வாம்மா, ஆபீசுக்குப் போவோம்” என்றார்.

மனு திருநெல்வேலிக்கு, ஜில்லா ஆபீசுக்குப் போனது. பதில் வருவதற்குள் ஆவுடையப்பனுக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர், மறுபடி முதலிலிருந்து மனு போடச் சொன்னார்.

“போதும் அற்புதம். விட்டுரு” என்றான் தனராஜ்.

“நாம விட்டா மதுரைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்” என்று சொல்லிவிட்டு, மறுநாளே செல்லப்பாண்டியிடம் இன்னொரு கையெழுத்துக்குப் போனாள்.

அடுத்த கோடையில் கடன் கிடைத்தது. மிஷினை மாட்டுவண்டியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. முதல் மாதம் ஊசிகள் ஒடிந்துகொண்டே இருந்தன. மிதியின் வேகம் காலுக்குப் பிடிபட நாளானது. பிறகு வேலை நிற்கவில்லை. தனராஜ் தரையில் துணியை விரித்து அளந்து வெட்டினான். மாப்பிள்ளையூரணியிலிருந்து ரோஸ் என்ற பெண் வேலைக்கு வந்தாள்.

கடன் அடைவதற்குள் படகுக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். விசைப்படகுக்கு மூடுதுணி தைக்க முடியுமா என்று பர்னபாஸ் என்பவர் கேட்டார். அதுவரை அவள் படகில் ஏறியதே இல்லை.

“தைக்கலாம் அண்ணாச்சி. படகு எங்கன நிக்கி? அளவெடுக்கணும்” என்று டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.