மூன்றாவது ‘வேண்டாம்’ வரை: ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்தில் மதுரை பஸ்ஸில் ஏறினோம். மூன்று பேர்: நான், எங்கள் மில்லில் நூல் கட்டும் பிரிவில் வேலை பார்க்கும் என் தோழி சுப்புத்தாய், மார்கரெட் மேடம். மேடம் இங்கிலாந்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நூலின் சீர்மையை அளக்கும் புதுக் கருவியை எங்கள் ஆய்வகத்தில் பொருத்திக் கொடுக்க வந்து, இரண்டு வாரம் தங்கியிருந்தார். அன்று ஊருக்குத் திரும்புகிறார். மாலை நான்கு மணிக்கு மில் கார் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து அவரை மதுரைக்கு ஏற்றிப்போகும். அதற்குள் கோயிலைப் பார்க்க வேண்டும், அதுவும் பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தயங்காமல் ஆங்கிலம் பேசுகிறவள் என்று மானேஜர் என்னைத் துணைக்கு அனுப்பினார்.

தயங்காமல் பேசுவது கருவிகளைப் பற்றி மட்டும்தான். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஆங்கிலத்தில் படித்தது முறுக்கு, இழுவிசை, நூல் எண் ஆகியவற்றைத்தான். பசிக்கிறதா என்று ஒருவரைக் கேட்க எனக்கு ஆங்கிலத்தில் வாய் வந்ததில்லை. அதனால் ஒரு வாரமாக நோட்டில் எழுதித் தயாரித்திருந்தேன். பஸ்ஸில், கடையில், கோயிலில், விருந்துக்குப் போன வீட்டில், விடைபெறும்போது என்று ஐந்து தலைப்புகள். தலைப்புக்குப் பன்னிரண்டு வாக்கியம்.

தூரம் பதினொரு கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். மேடத்தை இடப்பக்க ஜன்னலோரம் உட்காரவைத்தோம், மலை தெரியட்டும் என்று. பிப்ரவரி வெயிலில் மலை ஒவ்வொரு மடிப்பும் எண்ணக்கூடிய அளவுக்குத் துலக்கமாக இருந்தது. முதல் தலைப்பின் முதல் வாக்கியத்தைச் சொன்னேன்: இன்று வானிலை இனிமையாக இருக்கிறது. மேடம் ஆமோதித்தார். அதோடு அந்தப் பேச்சு தீர்ந்தது.

முன் இருக்கையில் கீரைக்கூடையோடு இருந்த அம்மாளுக்கு நோட்டு தேவைப்படவில்லை. திரும்பி உட்கார்ந்து, மேடத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் எத்தனை, சம்பளம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். சம்பளத்தை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். இரண்டு பெண்கள், இருவரும் வேலையில் இருக்கிறார்கள் என்றார் மேடம்.

“இம்புட்டுத் தூரம் வந்துட்டாவளே, அவிய வீட்டுக்காரருக்கு யாரு சோறாக்குவா?”

அவரே சமைத்துக்கொள்வார், என்னைவிட நன்றாகவே சமைப்பார் என்றார் மேடம். நான் சொல்லி முடித்ததும் கீரைக்கார அம்மாள் மேடத்தின் கையைத் தட்டினார். “அப்ப ரெண்டு மாசம் இருந்துட்டே போகச் சொல்லு” என்றார்.

பக்கத்து இருக்கைகளில் எழுந்த சிரிப்பு அடங்கியதும் மேடம் என் பக்கம் திரும்பி வேலைப் பேச்சை எடுத்தார். புதுக் கருவியைக் கையாள்வது பற்றிக் கோயம்புத்தூரில் ஆறு வாரப் பயிற்சி நடக்கப்போகிறது. எங்கள் மில்லுக்கு ஓர் இடம். யார் என்று அவர்தான் மானேஜருக்குப் பெயர் எழுதித் தர வேண்டும். பயிற்சி முடித்தவர் பொறுப்பில்தான் கருவி இருக்கும். நான் போக விரும்புகிறேனா?

இரண்டு வருடமாக அந்த ஆய்வகத்தில் மற்றவர்கள் அளப்பதற்கு நூல் சுற்றிக் கொடுத்துவருகிறேன். எனக்கு வேண்டியது அந்தக் கருவிதான். என் வாய் சொன்னதோ, “நோ, நோ, தேங்க் யூ மேடம்.”

எங்கள் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்வோம். கேட்டவுடன் சரி என்பது ஆலாய்ப் பறப்பதுபோல் இருக்கும். கொடுப்பவர் மறுபடி கேட்பார். அப்போதும் வேண்டாம் என்போம், கொஞ்சம் மெதுவாக. அதற்குப் பிறகுதான் உண்மையான பதில். நான் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். மேடம், “ஆஃப் கோர்ஸ்” என்று சொல்லிவிட்டு மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

எட்டு ஐம்பதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தோம். கோபுரத்தின் உச்சியைப் பார்க்க மேடம் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொடிமரம் வரை அவரோடு போனோம். அதற்கு உள்ளே நானும் சுப்புத்தாயும் மாறி மாறிப் போய்ச் சேவித்து வந்தோம். ஆண்டாள் கதைக்கு என்னிடம் ஏழு வாக்கியங்கள் இருந்தன. பெருமாளுக்குத் தொடுத்த மாலையைத் தான் சூடி, அழகு பார்த்த பின்பு அனுப்பிவைத்தாள் என்று சொன்னதும், “அனுப்பும் முன் சோதித்துப் பார்த்திருக்கிறாள், நம் ஆய்வகத்து ஆள்” என்றார் மேடம். இதைத் தமிழில் சொன்னதும் சுப்புத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை; அவள் பிறந்த ஊர் இதுதான்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது முருகேசனைப் பற்றி மேடம் விசாரித்தார். முருகேசன் ஆய்வகத்தில் இரண்டாம் ஷிப்ட் பார்ப்பவர். வேலையில் எப்படி? கவனமானவர், நேரம் தவறமாட்டார் என்றேன். அதுதான் உண்மை. எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பதினொன்றரைக்குப் பால்கோவா கடை. கால் கிலோ பத்து ரூபாய். இலையில் வாங்கிய சூட்டோடு மேடம் முதலில் என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். சுப்புத்தாயும் அப்படியே. இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிதானமாக, கடைசித் துணுக்கு வரை அவரே சாப்பிட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு சுப்புத்தாய் வீட்டில் சாப்பாடு. அவளுடைய அம்மா செல்லம்மாள் இலை போட்டு, வாழைக்காய்ப் பொரியல், சாம்பார், பாயசம் என்று பரிமாறினார். இரண்டாம் முறை சோறு கொண்டுவந்தபோது மேடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சோறு விழுந்தது. மறுபடி வேண்டாம் என்றார். பாயசம் விழுந்தது. மேடம் என்னைப் பார்த்து, எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார். நான் அதை அப்படியே செல்லம்மாளிடம் கேட்டேன்.

“மூணாவது தடவ சொன்னாத்தான் வேண்டாம்னு அர்த்தம். மொத ரெண்டும் மரியாதைக்கு. இது கூடவா அவிய ஊர்ல தெரியாது?”

மொழிபெயர்த்தேன். மேடம் இலையின் மேல் குனிந்து சிரித்தார். தங்கள் ஊரில் முதலில் சொல்வதுதான் பதில், மறுபடி கேட்டால் தொந்தரவு செய்வதாக நினைப்பார்கள் என்றார். செல்லம்மாளுக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது கேள்வி வரப்போவதில்லை. முருகேசனைப் பற்றி விசாரித்ததும் பயிற்சிக்கு அவர் பெயரைக் கொடுக்கத்தான்.

கை கழுவும் இடத்தில் சுப்புத்தாயிடம் நடந்ததைச் சொன்னேன்.

“ஏட்டி, கிறுக்கியா நீ? போய்ச் சொல்லு, வேணும்னு.”

“நானா கேட்டா என்ன நினைப்பாக?”

“ஒன்னய என்னமும் நினைச்சுட்டுப் போறாக. மிஷின் முருகேசன் கிட்ட போயிரும். பொறவு அவருக்கு நூல் சுத்திக் குடுத்துக்கிட்டே கெட.”

மூன்றரை மணிக்கு மேடம் பையிலிருந்து தாளை எடுத்து மானேஜருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார், கார் டிரைவரிடம் கொடுத்தனுப்ப. எதிரே போய் நின்றேன். என் அறுபது வாக்கியங்களில் ஒன்றுகூட இதற்கு ஆகவில்லை. நானே கோத்து, ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னேன்:

“மேடம், காலையில் பஸ்ஸில் நான் சொன்னது எங்கள் ஊரின் முதல் ‘வேண்டாம்’. அந்தப் பயிற்சிக்குப் போக எனக்கு ரொம்ப ஆசை.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு மறுபடியும் பாயசச் சட்டியோடு வந்து நின்றிருந்த செல்லம்மாளைப் பார்த்தார். அதுவரை எழுதியதன் மேல் ஒரே கோடு இழுத்தார். முருகேசனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றும், முதலில் நினைத்தது என்னைத்தான் என்றும் சொன்னார். என் இனிஷியலைக் கேட்டு எழுதினார். இந்த முறை உறுதிதானா என்றார். “யெஸ்” என்றேன். நன்றி என்பதை அதோடு சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டேன்; கார் தெருமுனை திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. கையை மட்டும் ஆட்டினேன்.

சுப்புத்தாய் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஐந்து மணி பஸ்ஸில் நான் தனியாகத் திரும்பினேன். மலை இப்போது வலப்பக்கம், வெயில் அதன் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு வாரம் வெளியூரில் தங்க அப்பாவைச் சம்மதிக்கவைக்க வேண்டும். அதற்கான காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன், ஐந்து தேறின. மேற்கே அத்தனை கடல் தாண்டியிருக்கிற ஊரில் ஒருவர் வேண்டும் என்றால் கொடுத்துவிடுகிறார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். எங்கள் வழக்கம் அன்பு மிகுந்தது. அவர்களுடையதில் நேரம் மிச்சமாகிறது. இரண்டும் எனக்கு இனித் தேவைப்படும்.

ஆறு மணிக்கு வீடு. அம்மா அடுப்படியிலிருந்து, தோசை ஊற்றட்டுமா என்று கேட்டார். “ஊத்தும்மா, நாலு வேணும், நல்ல பசி” என்றேன்.

கரண்டியோடு வெளியே வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார் அம்மா.